பலாலி – திருச்சி எவ்வளவு தூரம்?

கேள்வி: அம்மாவைத் திருச்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். பலாலியில் இருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?
– வாசகர், மல்லாவி

பதில்: நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கிலோமீற்றர்தான், சென்னை 355. மணிக்கு 500 கிலோமீற்றர் ஓடும் ஏரிஆர் 72 விமானத்துக்குத் திருச்சி 25 நிமிடம்கூட இல்லை. ஆனாலும் ஓடுபாதைக்கு ஊர்ந்துபோவது, உயர ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு மணி நேரமாகிவிடும்.

உங்களுக்கு நீளமான பயணம் தரையில்தான். மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியேறி, ஆனையிறவு தாண்டி, பலாலிக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர். 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச நிலையமாகும்வரை வன்னிச் சனம் இரவிரவாகக் கட்டுநாயக்காவுக்கு அலைந்தது. வயதான தாய்க்கு அந்த அலைச்சல் வேண்டவே வேண்டாம். திருச்சிச் சேவை 2025 மார்ச்சில் தொடங்கியது. நேர அட்டவணை மாறக்கூடும், ரிக்கற் எடுக்கமுன் விசாரியுங்கள்.