'இந்தா' என்று கூப்பிடு

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்கூடாயில் நாய்ப் பயிற்சி வகுப்பு தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். மனம் நிறைந்துவிட்டது. முதல் வாரத்திலேயே 'உட்கார்', 'கை கொடு' என்று சொல்லிக்கொடுத்தால் வீட்டுக்காரர்கள் மகிழ்ந்துபோவார்கள் என்பது உன் எண்ணம். அதைத் தள்ளி வை. கூப்பிட்டால் வருவதை முதலில் கற்றுக்கொடு. கை கொடுக்கத் தெரியாத நாய் குறையில்லாமல் வாழ்ந்துவிட்டுப் போகும். கூப்பிட்டால் வராத குட்டிக்கு, தாமான் வீட்டின் கேட் ஒரு நாள் திறந்து கிடந்தாலே போதும், ஆயுள் முடிந்துவிடலாம்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது மணி. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வீடு. மணி செம்மண் நிறத்தில் ஒரு கம்பத்து நாய். சோறு போட 'மணி, வா', குளிப்பாட்ட 'மணி, வா', சங்கிலியில் கட்டவும் அதே 'மணி, வா'. ஒரு நாள் மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் வந்தது. வந்து காலடியில் நின்றதைக் குச்சியால் முதுகில் அடித்தேன். தாமதமாக வந்ததற்குத் தண்டனை என்று நான் நினைத்தேன். வந்தால் அடி விழும் என்று அது கற்றுக்கொண்டது.

சில வாரம் கழித்து, வெட்டிய ஓலைகளை அடுக்கி வைத்திருக்கும் வரிசை ஓரமாகப் போய்க்கொண்டிருந்தோம். அந்த ஓலைக் குவியலில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்துக்கு நாகம் வரும். நஞ்சைத் துப்புகிற கறுப்பு நாகம். மணி விறைத்து நின்றது. எதிரே படம். 'மணி, வா!' என்று கத்தினேன். அது திரும்பி என் முகத்தைப் பார்த்தது. காது பின்னால் மடிந்தது, வால் இறங்கியது. என் குரலில் இருந்த பயத்தை அது கோபம் என்று எடுத்துக்கொண்டது. வரவில்லை. மறுபடி பாம்பின் பக்கம் திரும்பியதும் கண்ணில் பட்டுவிட்டது. குழாயடிக்குத் தூக்கிப்போய்க் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவினோம், பிறகு டாக்டரிடம் ஓடினோம். ஒரு கண் பிழைத்தது. இன்னொன்று வெள்ளை படர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு பதினோரு வருடம் என்னோடு இருந்தது. இடப்பக்கமாக யார் வந்தாலும் திடுக்கிடும். ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தக் குச்சி நினைவுக்கு வரும்.

அன்றிலிருந்து 'வா' என்ற சொல்லை நாய்களிடம் விட்டுவிட்டேன். வீட்டில் அந்தச் சொல் நாள் முழுக்கப் புழங்குகிறது. 'சாப்பிட வா', 'இங்க வாடா', 'போயிட்டு வா' என்று நூறு முறை காதில் விழுந்து ஒன்றும் நடக்காமல் போனால், குட்டிக்கு அது மின்விசிறிச் சத்தம் மாதிரிதான். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாட்டி 'தோ தோ' என்பார், தம்பி 'கம்' என்பான், பக்கத்து வீட்டுச் சீன அம்மா 'லாய்' என்பார், வேலைக்கு வருபவர் 'சினி' என்பார். குட்டி யாருடைய சொல்லைப் பிடித்துக்கொள்ளும்?

நான் எடுத்துக்கொண்ட சொல் 'இந்தா'. நம் மொழியில் கொடுக்கும்போதும் 'இந்தா', கூப்பிடும்போதும் 'இந்தா'. சொல்லும்போதே கை நீள்கிறது. கையில் ஒன்றும் இல்லாமல் 'இந்தா' என்று சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் பயிற்சியாளனுக்கு வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். ரஷ்யாவின் பாவ்லோவ் 1904இல் நோபல் பரிசு வாங்கியது செரிமான ஆராய்ச்சிக்கு. உணவு வரப்போகிறது என்ற அடையாளம் தெரிந்ததுமே நாய்க்கு எச்சில் ஊறுவதை அவர் ஆராய்ந்தது அந்த வேலையின் தொடர்ச்சியாகத்தான். அதில் நமக்கு வேண்டியது வரிசை. சொல் முதலில், தீனி பிறகு. பையைச் சரசரவென்று திறந்துவிட்டு 'இந்தா' என்றால் குட்டி கற்றுக்கொள்வது பையின் சத்தத்தைத்தான். கையைப் பின்னால் கட்டிக்கொள். சொல்லை ஒரே ஒரு முறை, தெளிவாகச் சொல். குட்டி தலையைத் திருப்பியதும் குந்தி உட்கார்ந்து உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொள். நேர் எதிரே குனிந்து நின்றால் அதன் கண்ணுக்கு நீ ஒரு மலை. வந்ததும் முதலில் கழுத்துப் பட்டையைத் தொடு, பிறகு தீனியைக் கொடு. இந்த வரிசையைத் தவறவிட்டவர்களின் நாய்கள்தான் இரண்டடி தள்ளி வந்து நின்று, கை நீண்டால் நழுவும்.

தீனி என்றால் அவித்த கோழி நெஞ்சுக்கறி, சுண்டுவிரல் நகம் அளவு. உப்பு, வெங்காயம் கூடாது. கொடுத்ததும் 'போ' என்று விளையாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடு. இதைப் பலர் செய்வதில்லை. பூங்காவில் கிளம்பும் நேரத்துக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள். வந்தால் கொண்டாட்டம் முடிந்தது என்று குட்டிக்குப் புரிய எத்தனை நாள் ஆகும்? குளிப்பாட்ட, மருந்து போட, கூண்டில் அடைக்கக் கூப்பிடவே கூடாது. நீயே நடந்துபோய்த் தூக்கிக்கொண்டு வா.

வயதைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். ஐந்து வாரக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொடுக்கிறவர்கள் இங்கே உண்டு. எட்டு வாரமாவது தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருக்கட்டும் என்று சொல். அமெரிக்காவின் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் நாய்க்குட்டிகளைப் பல ஆண்டுகள் வளர்த்துப் பார்த்து 1965இல் எழுதிய நூலில், உலகத்தோடு பழகும் பருவம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை என்று காட்டினார்கள். தடுப்பூசி வரிசை முடியவோ ஏறக்குறைய பதினாறு வாரம் ஆகும். அதுவரை பார்வோ வைரஸ் நோய் பயம். ஆகவே வெளியுலகத்தை மடியில் வைத்துக் காட்டச் சொல், மண்ணில் இறக்கவேண்டாம். 'இந்தா'வை வீட்டுக்குள்ளேயே, கூடத்தின் இந்த முனையில் ஒருவர் அந்த முனையில் ஒருவராக உட்கார்ந்து பழக்கட்டும். ஐந்து நிமிடம் போதும். போர்ச்சில் என்றால் காலை எட்டுக்கு முன், இல்லை மாலை ஆறரைக்குப் பின். நடுவில் சிமெண்டுத் தரை பாதத்தைச் சுட்டுவிடும்.

நான்கைந்து மாதத்தில் குட்டிக்குத் துணிச்சல் வந்து மூக்கு போகும் வழியில் போகும். 'படித்ததெல்லாம் மறந்துவிட்டது' என்று வீட்டார் அலுத்துக்கொள்வார்கள். அது மறதி இல்லை. உன் கோழித் துண்டை விடப் பெரிய உலகம் அதன் கண்ணில் பட்டிருக்கிறது. இரும்புக் கடையில் பத்து மீட்டர் நைலான் கயிறு வாங்கு, மார்புப் பட்டையில் கட்டு, தரையில் இழுபட விடு. கயிறு இழுப்பதற்கு அல்ல, ஓடிவிடாமல் இருப்பதற்கு. வரமாட்டாது என்று தெரிந்தால் கூப்பிடாதே. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிட்டே போ. வீணாகச் சொன்ன ஒவ்வொரு 'இந்தா'வும் சொல்லைத் தேய்க்கும். தேய்ந்தே போய்விட்டால் புதுச் சொல்லோ விசிலோ எடுத்துக்கொண்டு முதல் நாளிலிருந்து தொடங்கவேண்டும்.

மின்சாரம் பாய்ச்சும் கழுத்துப் பட்டையை இணையத்தில் பார்த்துவிட்டு யாராவது கேட்பார்கள். கொடுக்காதே. வேல்ஸ் நாடு 2010இலேயே அதைத் தடை செய்துவிட்டது. வலிக்குப் பயந்து வருகிற நாய் உன்னிடம் வருவதில்லை, வலியிடமிருந்து ஓடுகிறது. அந்த ஓட்டம் எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்லமுடியாது.

அண்டை வீட்டை மறக்காதே. நம் தெருவில் மலாய்க் குடும்பங்கள் உண்டு. ஈரமான நாய் உரசினாலோ நக்கினாலோ அவர்கள் ஏழு முறை கழுவவேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். தொழுகைக்குக் கிளம்பி நிற்பவர்மேல் உன் மாணவரின் குட்டி ஆசையாகப் பாய்ந்தால் அவருக்கு அது எவ்வளவு சிரமம் என்று எண்ணிப் பார். நம் நாயை நாம் ஒரே சொல்லில் திருப்பி அழைக்கமுடியும் என்று தெரிந்தால்தான் அவர்கள் கேட்டைத் திறந்து நிம்மதியாக வெளியே வருவார்கள். நாய்க்கு மாநகர் மன்ற உரிமம் எடுத்தாயிற்றா என்று முதல் நாளே எல்லாரிடமும் கேட்டுவிடு. உரிம வில்லை இல்லாமல் தெருவில் திரியும் நாய் பிடிபட்டால், அது எவ்வளவு நல்ல நாய் என்று யாரும் விசாரித்துக்கொண்டிருக்கமாட்டார்கள்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வகுப்புக்குப் பெரும்பாலும் பிள்ளைகள்தான் குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பகலெல்லாம் அதற்குச் சோறு போட்டு, கேட்டைத் திறந்து மூடி, அதிகம் கூப்பிடுகிறவர் பாட்டி. முதல் வகுப்புக்கு அவரையும் அழைத்து வரச் சொல். உட்கார நாற்காலி போட்டு வை.

அன்புடன்,
குளுவாங்கிலிருந்து உன் அண்ணன்