கடல் தூண்டிலுக்கேற்ற கோலும் ரீலும்

மண்ணின் தன்மையறிந்து கலப்பையைத் தேர்ந்தெடுப்பது விவசாயிகளின் வழக்கம். கடலில் தூண்டில் போடுவோரும் கடலின் தன்மையறிந்தே கருவி வாங்குதல் வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்துக் கட்டுமாவடி, பாக் விரிகுடாவின் கரையில் உள்ளது. இவ்விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது, அலை குறைந்தது, அடியில் கடற்புல் வளர்வது. ஆழ்கடலில் சூரை பிடிப்பதற்கான கனத்த கோலும் பெரிய ரீலும் இங்கு வீண் செலவேயாகும்.

கோல்: கரையில் நின்று எறிவதற்கு 9 முதல் 11 அடி நீளமுள்ள கோலும், வள்ளத்திலிருந்து பிடிப்பதற்கு 6 முதல் 7 அடிக் கோலும் ஏற்றவை. கரிம இழைக் கோல் எடை குறைந்தது. ஆயினும் அடிபட்டால் முறியும். கண்ணாடி இழைக் கோல் சற்றே கனமானது, விலை குறைவு, முரட்டு உபயோகத்தைத் தாங்கும். புதிதாகப் பழகுவோருக்கு இதுவே நல்லது.

ரீல்: உப்பு நீரில் துருப்பிடிக்காததாக இருத்தல் அவசியம். 200 மீட்டர் நரம்பு சுற்ற இடமிருந்தால் போதும். மீன் வலிந்து இழுக்கும்போது நரம்பு அறாமல் கழன்று ஓடுவதற்கென ரீலில் ஒரு திருகு உண்டு. நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு அதனை அமைக்கவேண்டும். 9 கிலோ தாங்கும் நரம்பாயின், 3 கிலோ இழுப்பில் அது கழலவேண்டும். வில் தராசினால் இதனைச் சோதிக்கலாம். உபயோகித்தபின் ரீலை நன்னீரில் கழுவி, நிழலில் உலர்த்துக.

முள்: கிழங்கானுக்குச் சிறு முள்ளும், பாரைக்கும் கொடுவாவுக்கும் பெரிய முள்ளும் தேவை. சீலாவின் பல் நரம்பை அறுக்குமாதலால், முள்ளுக்கு மேல் சிறிது எஃகுக் கம்பி கட்டுக. துருப்பிடிக்காத எஃகு முள்ளை விலக்குக. நரம்பு அறுந்து மீனின் வாயில் தங்கினால், சாதாரண முள் நாளடைவில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும்.

கடற்புல்லையே உண்டு வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவைக் காக்க, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆவுளியா தூண்டில் இரையை நாடுவதில்லை. ஆனால் வலையில் சிக்கினால், மூச்சுவிட நீர்மட்டத்திற்கு வர இயலாமல் மடிகிறது. அவ்வகையில் தூண்டில், தீங்கு குறைந்த தொழில்முறையாகும். எனினும் அறுத்தெறியும் நைலான் நரம்பு மக்குவதில்லை. கடலாமைகளைச் சுற்றிக் கொல்லும்.

ஆகவே கடலோரப் பஞ்சாயத்துகள், படகுகள் கரையேறும் இடத்தில் பழைய நரம்புகளைப் போட மூடியுள்ள தொட்டி ஒன்று வைத்தல் நலம். தூண்டில் விளையாட்டுக்கென வெளியூரார் வருவராயின், கடற்புல் வளர்ந்த இடங்களை உள்ளூர் மீனவர் காட்டி, அங்கு நங்கூரமிட்டு இழுக்காதவாறு செய்யலாம். புல் அழியாதிருந்தால், அதில் வளரும் மீன்குஞ்சுகள் நாளை நம் மீனவருக்கே வருவாயாகும்.