பசை கடைசியில்தான்!

பரண்ல இருந்து இறக்கின சாமானை எல்லாம் ஹால்ல பரப்பி போட்டோ அனுப்பியிருக்கே. முறுக்கு அச்சு, டைம்பீஸ், திண்டுக்கல் பூட்டு, சாவிக்கொத்து, ஓட்டைக் காலணா, தையல் மிஷின் பாபின்... நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓரத்துல ஃபெவிக்விக் டியூப் ஒண்ணு தெரியுது பாரு, அதை எடுத்து முதல்ல அலமாரியில வை. பழைய சாமானைப் பலகையில சேர்த்துச் செய்யற இந்த அசெம்பிளாஜ்ல ஒட்டுறதுதான் கடைசி வேலை.

முதல் வேலை கழிக்கிறது. 1942ல பிகாசோ ஒரு பழைய சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத் தலை செஞ்சார். ரெண்டே சாமான். ஆசைப்பட்டு மூணாவதா ஒரு பெல்லையும் மாட்டியிருந்தா அது சைக்கிளாவே இருந்திருக்கும். உன் பலகைக்கும் அதே கணக்குதான். பழசுங்கிற ஒரே காரணத்துக்காக எதுவும் உள்ளே வரக்கூடாது. பக்கத்துல இருக்கிறதோட அதுக்கு ஏதாவது சம்பந்தம் இருக்கணும். முறுக்கு அச்சுல இருந்து அந்த தேன்குழல் வில்லையைக் கழட்டி, டைம்பீஸ் டயலுக்குப் பக்கத்துல வச்சுப் பாரு. ரெண்டும் வட்டம். ஒண்ணைச் சுத்தி எண்ணு, இன்னொண்ணுல ஓட்டை. தனியா கிடந்தப்போ ரெண்டையும் நீ திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டே. இப்படி ஒரு ஜோடி கிடைச்சாலே போதும், மீதியை அதுங்களே கூப்பிட்டுக்கும்.

டைம்பீஸ்னதும் ஒரு எச்சரிக்கை. எண்ணுலயும் முள்ளுலயும் இருட்டுல ஒளிர்றதுக்காகப் பூசின பழுப்பேறின பூச்சு இருக்கான்னு பாரு. 1960கள் வரைக்கும் வந்த பல கடிகாரங்கள்ல அது ரேடியம். ஒளிர்றது எப்பவோ நின்னிருக்கும், கதிர்வீச்சு நிக்காது. அப்படி இருந்தா கண்ணாடியைத் திறக்காதே, சுரண்டாதே. வேற டயல் தேடிக்கலாம். பழைய பெயின்ட் அடிச்ச மரமும் அப்படித்தான், அதுல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. உப்புத்தாள் போட்டுத் தூசி பறக்க விடாதே. ஈரத் துணியால துடைச்சு, உரிஞ்ச பெயின்ட்டை உரிஞ்ச மாதிரியே விட்டுடு. அழகே அதுலதான் இருக்கு.

சாமான் பத்தலைன்னா பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போ. வெயில் ஏறுறதுக்குள்ள போயிடு. உடைஞ்சது, ஜோடி இல்லாதது, மூடி தொலைஞ்சது, இதையே கேளு. விலையும் குறையும், உனக்கு வேண்டியதும் அதுதான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைங்க வேற மாதிரி. அங்கே நல்ல மரவேலையும் எனாமல் பாத்திரமும் முழுசா வரும். முழுசா இருக்கிறதை வாங்கி அறுக்கிறது, துளை போடுறது எல்லாம் எனக்குப் பிடிக்காது. நம்ம வீட்டு வெண்கலப் படிக்கும் அதேதான் சொல்வேன், அது கூடத்துல இருக்கட்டும்.

போட்டோ, கடிதம், ரவிவர்மா படம் இதுல எதோட அசலையும் ஒட்டாதே. நகல் எடு, அதுவும் லேசர் பிரின்ட். இங்க்ஜெட்ல எடுத்தா பசையோட ஈரம் பட்டதும் மை கரைஞ்சு பரவிடும்.

சுத்தம் பண்றதுல அம்மா பேச்சைக் கேட்காதே. புளி போட்டுப் பளபளன்னு தேய்ச்சா பித்தளை புதுசாயிடும், அப்புறம் அது எதுக்கு? தூசியையும் பிசுக்கையும் மட்டும் எடு. இரும்புத் துரு வேற கதை, கடற்காத்து அடிக்கிற ஊர்ல அது வளர்ந்துகிட்டே போகும். சின்னச் சாமானை ராத்திரி வினிகர்ல ஊறப் போட்டு, காலையில பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு, சமையல் சோடா கலந்த தண்ணியில அலசி, உடனே துடைச்சு வெயில்ல வை. நல்லா காஞ்சதும் பளபளப்பு இல்லாத கிளியர் லேக்கர் ஒரு கோட் அடி. மரத்துக்கு அடியில மாவு மாதிரி தூள் கொட்டுதுன்னா உள்ளே பூச்சி இருக்குன்னு அர்த்தம். பாலித்தீன் கவர்ல காத்துப் புகாம கட்டி, ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வை. மாமியார் கேட்டா என்னைக் கைகாட்டு.

இதையெல்லாம் அடுக்கி வைக்கிற பெட்டிக்குப் பழைய மேஜை டிராயரை விடச் சௌகரியமானது எதுவும் இல்ல. இல்லாட்டி பிரேம் கடையில, கண்ணாடிக்கும் பின்பலகைக்கும் நடுவுல மூணு இஞ்ச் இடம் விட்டுக் கேளு. ஜோசப் கார்னெல்னு ஒருத்தர், நியூயார்க் குயின்ஸ்ல யுடோபியா பார்க்வேங்கிற தெருவுல குடியிருந்தவர், கலைப் பள்ளிக்கூடமே போகாதவர். சின்னச் சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வாழ்நாள் பூரா வேலை பார்த்தார். அவர் வீட்டு நிலவறையில சாமானை வகை பிரிச்சுப் பேர் எழுதின டப்பாக்கள்ல வச்சிருந்தார். நீயும் காலியான ஹார்லிக்ஸ் பாட்டில்ல பிரிச்சுப் போடு. இப்போ இருக்கிற குவியல்ல வேண்டியது எதுவும் வேண்டிய நேரத்துக்குக் கையில சிக்காது.

அடுக்கிப் பார்த்துட்டு மொபைல்ல கறுப்பு வெள்ளையில ஒரு படம் எடு. எல்லாம் ஒரே சாம்பலாத் தெரிஞ்சா எங்கேயோ ஒரு வெளுப்போ அழுத்தமான கறுப்போ வேணும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம கலர் கலரா நின்னா லூயிஸ் நெவல்சன் வழி இருக்கு. தெருவுல கிடந்த மரத்துண்டு, நாற்காலிக் கால், கைப்பிடி எல்லாத்தையும் அடுக்கி மொத்தமா கறுப்பு அடிச்சிடுவாங்க. 1958ல அவங்க செஞ்ச 'ஸ்கை கதீட்ரல்' நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்துல இருக்கு. ஒரே நிறம்னு வந்துட்டா சாமான் மறைஞ்சு நிழல்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனா அடிச்ச பெயின்ட்டைத் திரும்ப எடுக்க முடியாது, அதனால காலணா மேல அடிச்சுடாதே.

இனிமே பசை. அதுக்கும் முன்னால, ஒட்டாமலே நிக்குமான்னு பாரு. பின்பலகையில ரெண்டு சின்ன ஓட்டை போட்டு, மெல்லிய செம்புக் கம்பியால கட்டி, பின்னால முறுக்கிடு. பூட்டு, சாவி, பாபின் எல்லாம் இப்படியே நிக்கும், நாளைக்கு மனசு மாறினா கழட்டிக்கலாம். மரத்தோட மரம், காகிதம்னா ஃபெவிகால். உலோகம், கண்ணாடி, பீங்கான்னா அரால்டைட்: ரெண்டு டியூப்லயும் சரிசமமா எடுத்துக் கலந்து, ஒட்டுற இடத்தை உப்புத்தாளால கொஞ்சம் சொரசொரப்பாக்கி, படுக்க வச்சு ஒரு நாள் முழுக்கத் தொடாம விடணும். ஃபெவிக்விக் சுத்தி வெள்ளையாப் பூத்துடும், அதிர்ச்சி தாங்காது. குளூ கன்னை நம்பி மாட்டின சாமான் சித்திரை வெயில்ல சுவர்ல இருந்து ஒண்ணொண்ணா விழும்.

மாட்டும்போது ஒரே ஆணியில தொங்க விடாதே. ரெண்டு பக்கமும் கொக்கி வச்சு, சுவர்ல பிளக் அடிச்சு ஸ்க்ரூ போடச் சொல்லு. மேற்கு வெயில் விழுற சுவரும் வேண்டாம், பாத்ரூமுக்கு ஒட்டின சுவரும் வேண்டாம். கண்ணாடி இல்லாத பெட்டின்னா தூசியை வாட்டர்கலர் பிரஷ்ஷால தட்டி எடு. வீட்டு வேலைக்கு வர்ற அக்காகிட்ட, இதுக்கு ஈரத்துணி ஆகாதுன்னு முதல் நாளே சொல்லிடு.