மேய்ப்பரின் மனமும் சோரும்

பிறர் கண்ணீரைத் துடைக்கும் குருக்களுக்கும் மனம் சோர்வதுண்டா? உண்டு. அதற்கு நம் மயிலையிலேயே சான்று இருக்கிறது.

புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது, ஜெபங்களைச் சொல்லிச் சொல்லிக் குரலும் போய்விடுகிறது என்று 1544 ஜனவரியில் கடிதம் எழுதினார். அவ்வாண்டு ஜூனில், வடுகர் படைக்கு அஞ்சிக் குமரிமுனைப் பாறைகளில் ஒதுங்கிப் பசியால் வாடியவர்களுக்காக 20 தோணிகளில் உணவு கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று அவரைப் போக விடவில்லை. பின்னர் மன்னாரில் புதுக் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்ட செய்தி வந்தது. போர்த்துக்கீசிய அதிகாரிகள் சிலரின் கொடுமையும் அவர் நெஞ்சைப் புண்ணாக்கியது.

இனி எங்கே போவது என்ற தெளிவின்றி, 1545-இல் அவர் சாந்தோமுக்கு வந்தார். இங்கே ஏறக்குறைய 4 மாதங்கள் பங்குக் குருவின் இல்லத்தில் தங்கினார். புனித தோமையார் கல்லறையருகே நெடுநேரம் ஜெபித்தார். உள்ளத்தில் ஆறுதலும் தெளிவும் பெற்றதாக மே 8-ஆம் நாள் எழுதினார். அதன் பின்னரே மலாக்காவுக்குக் கப்பலேறினார். ஜெபத்தோடு தங்க ஓர் இடமும் பேச ஒரு துணையும் அந்தப் புனிதருக்குக் கிடைத்தன என்பதைக் கவனியுங்கள்.

இன்றைய குருக்களின் சுமையும் சிறிதன்று. பூசை, பள்ளி, கணக்கு வழக்கு, நோயாளி சந்திப்பு, அடக்கச் சடங்கு! பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதையோ எவரிடமும் சொல்ல இயலாது. இரவு உணவைப் பலர் தனியே உண்கின்றனர். அருட்சகோதரிகளின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

களைப்பு ஓய்வினால் தீரும். ஆனால், தூக்கமின்மையும் எதிலும் பற்றின்மையும் நாள்தோறும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அது விசுவாசக் குறைவன்று. காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவது போல இதற்கும் நாட வேண்டும். சாகவேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்கு இறைவன் முதலில் அளித்தது உபதேசமா? இல்லை, உறக்கமும் அப்பமும் தண்ணீரும் அல்லவா!

மனம் உடைந்தோரின் குறையைக் காதுகொடுத்துக் கேட்பதற்கென்றே 1986-இல் நம் நகரில் 'சிநேகா' தொடங்கப்பட்டது. குருவாயினும் கன்னியராயினும் அத்தகைய உதவியை நாடுவதில் வெட்கமில்லை.

மாணவியரே, பெற்றோரே! பங்குத் தந்தையிடம் நம் குறைகளைச் சொல்லவே போகிறோம். அடுத்த முறை, "சாப்பிட்டீங்களா சாமி? உடம்பு எப்படி இருக்கு?" என்று முதலில் கேளுங்கள். பதிலையும் பொறுமையாக நின்று கேளுங்கள்.