கேனில் ஊற்றும் முன் வீட்டுக்கு ஒரு லிட்டர்

விதைக்கு என்று கதிர் எடுக்கும்போது எவ்வளவு பார்க்கிறோம்! கலப்பு இருக்கா, பூச்சி விழுந்த பயிரா, தண்ணி காணாமல் வாடின வயலா என்று ஆயிரம் யோசனை. ஆனால் மருமகள் மாசமாக இருந்தபோது அவள் தட்டில் என்ன விழுகிறது என்று நான் பார்க்கவே இல்லை. எங்கள் ஊர் மேலூர் பக்கம். ரெண்டு மாடு, இருபது நாட்டுக்கோழி, கிணற்றடியில் கீரைப்பாத்தி. பால் சொசைட்டிக்கு, முட்டையும் கீரையும் மதுரைக்கு. வீட்டில் சோறு, ரசம், அப்பளம். "நம்ம அரிசி, மருந்தடிக்காதது, என்ன குறை?" என்று இருந்துவிட்டேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 140 வந்தாலே கர்ப்பகாலச் சர்க்கரை. அவளுக்கு 152. "எங்க வீட்ல யாருக்குமே சுகர் இல்லையே மாமா" என்று அழுதாள். அதன் பிறகுதான் இதைத் தேடிப் படித்தேன்.

டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், புனே கே.இ.எம். மருத்துவமனைக்காரர். 1993 முதல் புனே பக்கத்து 6 கிராமங்களில் தாய்களையும் பிள்ளைகளையும் தொடர்ந்து பார்த்து வருகிறார். எல்லாம் நம்மைப் போல வெள்ளாமைக் குடும்பங்கள். அங்கே குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோவில் பிறந்தன. இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் 3.5 கிலோ. குறைந்தது பெரும்பாலும் சதைதான், தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. சர்க்கரையைச் செலவழிப்பது சதை. அது குறைவாகப் பிறந்த பிள்ளை, பின்னால் வயிறு நிறையத் தின்று உட்கார்ந்தே வளர்ந்தால் என்ன ஆகும்?

கீரை, பழம், பால் அதிகம் சாப்பிட்ட தாய்களுக்குப் பிள்ளை கொஞ்சம் பெரிதாகப் பிறந்தது. வயலிலும் வீட்டிலும் கடுமையாக உழைத்தவர்களுக்குச் சிறிதாகப் பிறந்தது. நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று மாசமான பெண்ணையும் இறக்கிவிடுகிற நாம் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

இன்னொன்று, நம் ஆட்களுக்குக் கொஞ்சம் கசக்கும். அந்தத் தாய்களில் பாதிக்கு மேல் பி12 சத்து குறைவு. பி12 குறைந்து ஃபோலேட் கூடியிருந்த தாய்களின் பிள்ளைகளுக்கு 6 வயதிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. பி12 பூங்காரிலும் இல்லை, மாப்பிள்ளைச் சம்பாவிலும் இல்லை, முருங்கைக்கீரையிலும் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், கறி, இல்லாவிட்டால் மாத்திரை. அதற்காக ஃபோலிக் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பிள்ளையின் மூளையும் முதுகுத்தண்டும் சரியாக உருவாக அது வேண்டும்.

மும்பை குடிசைப்பகுதியில் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே பெண்களுக்குக் கீரை, பழம், பால் சேர்த்த பலகாரம் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். மற்றவர்களில் 100-க்கு 12 பேருக்கு வந்த கர்ப்பகாலச் சர்க்கரை, இவர்களில் 7 பேருக்குத்தான் வந்தது. கீரைதான் நம்மிடம் கிடக்கிறதே!

அப்பன்மாரும் தப்ப முடியாது. 2010-இல் ஆஸ்திரேலியாவில் ஆண் எலிகளுக்குக் கொழுப்புத் தீனி போட்டார்கள். அவற்றின் பெண் குட்டிகளுக்கு இன்சுலின் சுரப்பு கெட்டது. எலிதானே என்று தள்ளலாம். ராத்திரி பத்து மணிக்கு பரோட்டா சால்னாவோடு வருகிற என் மகனிடம் நான் அப்படித் தள்ளவில்லை.

கொழுத்த தாய் எலிக்குப் பிறந்த குட்டிகளைச் சின்ன வயதிலேயே சக்கரத்தில் ஓடவிட்டபோது அவற்றின் சர்க்கரை நிலை சீரானதையும் பார்த்திருக்கிறார்கள். 1 முதல் 4 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 3 மணி நேரம் ஆட்டம் ஓட்டம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 வயதுக்கு மேல் தினம் 1 மணி நேரமாவது மூச்சு வாங்க ஓட வேண்டும். நம் பிள்ளைகள் வாசலில் வேன் ஏறி, வாசலில் இறங்கி, செல்போனோடு திண்ணையில் உட்காருகின்றன. கண்மாய்க்கரை சும்மா கிடக்கிறது.

மருமகளுக்குச் சாப்பாட்டை மாற்றியதிலும் நடையிலுமே சர்க்கரை அடங்கியது. பேரன் 2.9 கிலோ. பிரசவமாகி 6 வாரத்தில் அவளுக்கு மறுபடி பார்த்தோம், சரியாக இருந்தது. இருந்தாலும் வருசா வருசம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது கறந்ததும் முதல் லிட்டர் அடுப்படிக்குப் போகிறது. சொசைட்டிக் கணக்கு நோட்டில் அந்த ஒரு லிட்டர் குறைவதைப் பார்த்து என் வீட்டம்மா இன்னும் முணுமுணுக்கத்தான் செய்கிறாள்.