எலுமிச்சைச் சாறு தண்ணீராகிய கதை

அறிவியல் பொருட்காட்சிக்காக பி.எச். அளக்கும் கருவி ஒன்றைச் செய்ய முற்பட்டபோது நாங்கள் கற்ற பாடத்தைத் தோழியருடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

ஒரு திரவம் அமிலமா, காரமா என்பதைக் குறிக்கும் எண்ணே பி.எச். தூய நீருக்கு அது 7. எலுமிச்சைச் சாற்றுக்குச் சுமார் 2. இதை அளக்கக் கண்ணாடி மின்வாய் பயன்படுகிறது. அதன் நுனியிலுள்ள மெல்லிய கண்ணாடிக் குமிழைத் திரவத்தில் அமிழ்த்தினால் ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும். பி.எச். 7 ஆக இருக்கையில் அது ஏறக்குறையச் சுழி. 25 டிகிரி செல்சியஸில், பி.எச். ஒன்று குறையுந்தோறும் சுமார் 59 மில்லிவோல்ட் கூடும். ஆகவே எலுமிச்சைச் சாற்றில் 5 × 59, அதாவது 295 மில்லிவோல்ட் வரவேண்டும்.

மின்வாயை டிஜிட்டல் மல்டிமீட்டருடன் இணைத்தோம். வந்ததோ 27 மில்லிவோல்ட்! கணக்கிட்டால் பி.எச். 6.5. பல்லைக் கூசவைக்கும் சாற்றை ஏறக்குறையத் தண்ணீர் என்றது மீட்டர். மின்வாய் கெட்டுவிட்டது, எறிந்துவிடலாம் என்று முடிவுகட்டினோம். "பிள்ளைகளா, விசாரித்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று தடுத்தார் எங்கள் அறிவியல் சிஸ்டர்.

விசாரித்தோம். கண்ணாடி மின்சாரத்தை எளிதில் கடத்தாது. எங்கள் மின்வாயின் மின்தடை சுமார் 100 மெகா ஓம். மல்டிமீட்டரின் உள்தடையோ 10 மெகா ஓம். இரண்டும் தொடராக இணையும்போது, மின்னழுத்தத்தில் 11இல் ஒரு பங்கே மீட்டருக்குக் கிடைக்கும். கோடையில் ஆற்று மணலில் தோண்டிய ஊற்றை நினைத்துப் பாருங்கள். நீர் மெல்லச் சுரக்கும். பெரிய குடத்தால் மொண்டபின் எட்டிப் பார்த்தால் உண்மையான நீர்மட்டம் தெரியுமா? நாங்கள் செய்தது அதுவே.

ஆகவே மொள்ளாமல் பார்க்கும் கருவி வேண்டும். அதுதான் ஆப்பரேஷனல் ஆம்ப்ளிஃபயர். அதன் வெளியீட்டை எதிர்க்குறி உள்ளீட்டுடன் இணைத்து, மின்வாயை நேர்க்குறி உள்ளீட்டில் கொடுத்தால், உள்ளே வரும் மின்னழுத்தம் அப்படியே வெளியே வரும். மீட்டருக்குத் தேவையான மின்னோட்டத்தை மின்வாய் அல்ல, ஐ.சி.யே தரும்.

முதலில் 741 என்னும் ஐ.சி.யை வைத்தோம். வெளியீடு மின்கலத்தின் எல்லைக்கே போய் நின்றது. காரணம், 741இன் உள்ளீட்டிற்குச் சுமார் 80 நானோ ஆம்பியர் தேவை. அது 100 மெகா ஓம் வழியே பாய்ந்தால் 8 வோல்ட் பிழை! பிறகு அதே சாக்கெட்டில் சி.ஏ.3140 ஐ.சி.யைப் பொருத்தினோம். இதன் தேவை சுமார் 10 பிகோ ஆம்பியர். பிழை வெறும் 1 மில்லிவோல்ட். பி.எச். 7, 4 ஆகிய தாங்கல் கரைசல்களில் அளவைச் சரிசெய்துவிட்டுச் சாற்றில் அமிழ்த்தினோம். 293 மில்லிவோல்ட்! பி.எச். 2.0!

மறுநாள் மழை. அளவு 266க்கு இறங்கிவிட்டது. ஐ.சி.யின் கால்களுக்கிடையே எங்கள் விரல் பிசுக்கும் ஈரமும் சேர்ந்து மின்சாரத்தைக் கசியவிட்டிருந்தன. அக்கசிவு வழியின் தடை 1000 மெகா ஓம் ஆனாலும் 11இல் ஒரு பங்கு இழப்பு ஏற்படும். பலகையை ஸ்பிரிட்டால் துடைத்து உலர்த்தினோம். உள்ளீட்டுக் காலைச் சுற்றி ஒரு கம்பி வளையம் அமைத்து அதை வெளியீட்டுடன் இணைத்தோம். வளையமும் உள்ளீடும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் இடையே மின்சாரம் கசியாது. இதற்குக் காப்பு வளையம் என்று பெயர்.

இன்னொரு வியப்பு! 1934இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்னால்டு பெக்மன் என்ற அறிஞர் பி.எச். மீட்டரை அமைத்ததும் எலுமிச்சைச் சாற்றை அளப்பதற்காகவே! சாற்றின் அமிலத்தன்மையை அளக்க முடியாமல் தவித்த நண்பருக்கு உதவவே, வெற்றிடக் குழாய்ப் பெருக்கியைக் கொண்டு அவர் அதைச் செய்தார்.

எங்கள் மின்வாய் முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொன்னது. கேட்கத் தெரியாமல் நாங்கள்தான் அதைக் குப்பையில் போடவிருந்தோம். மெல்லிய குரலில் பேசுபவரிடம் அவசரப்படாமல் காதுகொடுக்க வேண்டும் என்பதையும் அன்று ஆய்வகத்தில் கற்றோம்.