பவர் ஸ்டியரிங்கில் எண்ணெய்க் கசிவு

ஜாதவ்பூரின் 8பி பஸ் நிலையத்தை அடுத்த சாலையில் நெரிசல் வேளையில் வண்டிகள் ஊர்ந்தே செல்கின்றன. ஊரும் வண்டியின் சக்கரங்களைத் திருப்ப மிகுந்த விசை வேண்டும். ஸ்டியரிங் எண்ணெயின் அழுத்தம் அப்போதே உச்சத்தை எட்டுகிறது. நைந்த குழாயும் தேய்ந்த சீலும் கசிவதும் பெரும்பாலும் அவ்வேளையில்தான். (மின்மோட்டாரால் இயங்கும் ஸ்டியரிங் உள்ள புதிய சிறு கார்களில் இவ்வெண்ணெய் இல்லை.)

மழைக்காலத்தில் வண்டியடியில் காணும் ஈரமெல்லாம் எண்ணெயன்று. உலர்ந்த அட்டையை இரவில் விரித்து வைத்தால் நீர் காய்ந்துவிடும், எண்ணெய்க்கறை நிற்கும்.

ஆயினும் சொட்டும் இடம் கசியும் இடமன்று. எண்ணெய் வழிந்தோடித் தாழ்ந்த மூலையிலேயே சொட்டும். ஆதலால், எல்லாவற்றையும் துடைத்தபின், கைப்பிரேக்கை இட்டு எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்ப, மற்றவர் மேலிருந்து கீழாக நோக்க வேண்டும்: தொட்டி, மீள்குழாயின் கிளிப்பு, அழுத்தக்குழாயின் மூட்டு, பம்பின் தண்டு. விரலால் தடவலாகாது. சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டைக் கடக்கும் அழுத்தத்தில் பீறிடும் நுண்தாரை தோலைத் துளைத்துவிடும். முன்சக்கரங்களின் அருகிலுள்ள ரப்பர் உறைக்குள் எண்ணெய் தேங்கியிருப்பின், பழுது ஸ்டியரிங் பெட்டியின் உட்சீலில் உள்ளது. அது பட்டறை வேலை.

தளர்ந்த கிளிப்பை முடுக்கலாம். அழுத்தக்குழாயையோ ஒட்டுப்போடாமல் மாற்றவே வேண்டும். நாள்தோறும் எண்ணெய் ஊற்றிச் சமாளிக்கும் ஓட்டுநர்கள் பலர். சூடான புகைக்குழாயில் அது சொட்டினால் தீப்பற்றக்கூடும். பிரேக் எண்ணெயை ஊற்றுவது இன்னும் கேடு. அது சீல்களின் ரப்பரைக் கெடுக்கும்.

வண்டியின் தயாரிப்பாளர் குறித்த எண்ணெயை நிரப்பி, முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை ஓட்டாமலே ஸ்டியரிங்கை இருகோடிக்கும் பலமுறை திருப்புக. தொட்டியில் குமிழிகள் நின்றபின் அளவை மீண்டும் பார்க்க வேண்டும்.